மாத்திரை அட்டையில் செய்த மீன்

தொடக்கப்பள்ளியில் கலை சொல்லித்தர இந்த ஆண்டு வந்திருக்கிறீர்கள். எதை எதோடு ஒட்டுவது, எந்தக் கத்திரியை எந்த வயதுப் பிள்ளையிடம் கொடுக்கலாம், பசை காயும்வரை முப்பத்தைந்து பிள்ளைகளை எப்படிச் சும்மா உட்கார வைப்பது, இதெல்லாம் முதல் சில மாதங்களிலேயே பழகிவிடும். கடைசியாகச் சொன்னது மட்டும் எனக்கு ஓய்வுபெறும்வரை பழகவில்லை. உங்களுக்குப் பழகினால் எனக்கும் சொல்லுங்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. வீட்டில் தூக்கி எறியும் பொருட்களைக் கொண்டுவரச் சொல்லிப் பாடம் நடத்துவதில் எனக்கு நிறைய அனுபவம் உண்டு. அந்த வேலையை நன்றாகவே செய்தேன் என்று இப்போதும் சொல்வேன். ஆனால் அதில் ஒருமுறை பெரிய தவறு செய்தேன். அதைச் சரிசெய்ய முக்கால் மணி நேரம்கூட இருக்கவில்லை. பெயர்களை மாற்றிச் சொல்கிறேன். நடந்தது நடந்தபடியே.

அந்தத் தவறு ஒரு சின்னத் தவறைத் திருத்தப் போய் வந்தது. அதனால் முதலில் சின்னதைச் சொல்லிவிடுகிறேன்.

பயன்படுத்திய பொருட்களில் கலை செய்யும் பாடத்தைத் தொடங்கிய புதிதில், வகுப்புப் பலகையில் இப்படி எழுதிப் போட்டேன்: 'அடுத்த வாரம் ஆளுக்குப் பத்து பிளாஸ்டிக் போத்தல் கொண்டு வரவும்.' அடுத்த வாரம் போத்தல்கள் வந்து குவிந்தன. அதில் ஒரு பெண்ணுடைய பத்தும் ஒரே நிறம், ஒரே அளவு, ஒன்றில்கூட நசுங்கல் இல்லை. மூடியைத் திறந்தால் ஆரஞ்சு வாசனை.

"இவ்வளவையும் யாரு குடிச்சா?" என்று கேட்டேன்.

"யாரும் குடிக்கல டீச்சர். எங்க வீட்ல இதெல்லாம் வாங்கவே மாட்டோம். நீங்க கேட்டீங்கன்னு அம்மா நேத்து வாங்கி, சிங்க்ல ஊத்திட்டாங்க."

குப்பையைக் குறைக்கச் சொல்லித்தர வந்தவள், குப்பையே இல்லாத ஒரு வீட்டில் அதை உண்டாக்கி வைத்திருந்தேன். அந்த அம்மா மேல் தப்பில்லை. பத்து என்றால் பத்து வேண்டும் என்று எழுதியது நான். அன்றைக்கே அந்த முறையை விட்டேன். அதன்பிறகு ஒவ்வோர் ஆண்டும் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: "உங்க வீட்ல எது அதிகமா குப்பைக்குப் போகுதோ, அதைக் கொண்டு வாங்க."

வகுப்பின் முகமே மாறிவிட்டது. ஒருத்தி முட்டை அட்டைகளாகக் கொண்டு வந்தாள். பல சிறு கடைகள் சேர்ந்திருக்கும் காப்பிக்கடையில் பானக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை பால் டின்களோடு வந்தது. அப்பாவும் அம்மாவும் வேலை முடிந்து தாமதமாக வரும் வீடுகளிலிருந்து சாப்பாட்டு டப்பாக்கள் அடுக்கடுக்காக வந்தன. பையைத் திறந்தாலே அந்த வீட்டில் எத்தனை பேர், யார் சமைக்கிறார்கள், கைக்குழந்தை இருக்கிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. பிள்ளைகள் தங்கள் வீட்டையே மேசைமேல் கொண்டுவந்து வைக்கிறார்கள் என்று சக ஆசிரியர்களிடம் பெருமையாகச் சொல்வேன். சொன்னேனே தவிர, அதன் மறுபக்கத்தை யோசிக்கவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, தொடக்கநிலை நான்காம் வகுப்பில் கீர்த்தனா என்றொரு மாணவி. பத்து வயது. கலைப் பாடம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். ஆனால் தமிழ்ப் பிள்ளைகள் என் பக்கத்தில் வந்து நின்றால் தமிழில் பேசிக்கொள்வோம். கீர்த்தனா அப்படிக்கூட அதிகம் பேச மாட்டாள். வேலை மட்டும் அப்படியொரு சுத்தம். கோடு போட்ட இடத்தில்தான் வெட்டுவாள். வெட்டிய துண்டைத் திருப்பிப் பார்த்து, சரியில்லை என்றால் வாயைத் திறக்காமல் வேறு எடுப்பாள்.

அந்த முறை தலைப்பு கடல். எல்லாரும் போத்தலும் டப்பாவும் கொண்டு வந்தபோது, கீர்த்தனா பெரிய பை நிறைய மாத்திரை அட்டைகளைக் கொண்டு வந்தாள். எல்லாமே மாத்திரை எடுத்துவிட்ட வெறும் அட்டைகள். பின்பக்கத் தாள் கிழிந்தும் கிழியாமலும் வெள்ளியாக மின்னியது.

நான் உடனே பாதுகாப்பைக் கவனித்தேன். ஒவ்வோர் அட்டையாக எடுத்து, உள்ளே மாத்திரை மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. ஓரம் கையைக் கிழிக்குமே என்று மூலைகளை வளைவாக வெட்டச் சொன்னேன். கையுறை கொடுத்தேன். எல்லாம் சரியாகச் செய்தேன் என்று எனக்குத் திருப்தி. அவற்றை யார் சாப்பிட்டார்கள் என்று மட்டும் கேட்கவில்லை. வீட்டில் யாருக்கோ சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். அட்டையில் அச்சடித்திருந்த பெயரை ஒருமுறையாவது படித்திருந்தால்கூடச் சந்தேகம் வந்திருக்கும். மின்னும் பொருளைப் பார்த்தால் எனக்கு எழுத்து தெரியாது. கலை ஆசிரியர்களுக்கு இது ஒரு வியாதி. உங்களுக்கும் வரும், பார்த்துக்கொள்ளுங்கள்.

கீர்த்தனா ஒரு கொடுவா மீன் செய்தாள். அவள் கையை இரண்டு பக்கமும் விரித்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம். உள்ளே பழைய அட்டைப்பெட்டி, மேலே மாத்திரை அட்டையில் வெட்டிய செதில்கள். ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறியபடி, தலையிலிருந்து வால்வரை வரிசை பிசகாமல் ஒட்டினாள். மருந்தின் பெயர் அச்சடித்த வெள்ளிப் பக்கம் வெளியே தெரியும்படி. அந்த எழுத்துகள் தூரத்திலிருந்து பார்க்க மீனின் மேலுள்ள புள்ளிகள் மாதிரியே இருந்தன. "எழுத்து தெரியுற மாதிரி ஒட்டினது ரொம்ப நல்லா இருக்கு" என்று நானே பாராட்டினேன். அதைக் கேட்டபிறகு அவள் ஒரு செதிலைக்கூடத் திருப்பி ஒட்டவில்லை.

அந்த ஆண்டு, தமிழர் கடைகள் நிறைந்த தேக்கா பக்கம் ஒரு பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்தில், தீபாவளிக்குச் சில வாரம் முன்னால், எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் கண்காட்சிக்கு இடம் கிடைத்தது. பன்னிரண்டு படைப்புகளைத் தேர்ந்தெடுத்தோம். கீர்த்தனாவின் மீன்தான் நுழைந்ததும் கண்ணில் படும் முதல் படைப்பு. ஒவ்வொரு படைப்புக்குக் கீழும் ஒரு சிறு அட்டை. அதில் பிள்ளையின் பெயரும், அந்தப் பொருளைப் பற்றித் தாய்மொழியில் ஒரு வரியும் இருக்கும். அதுவும் என் யோசனைதான். கீர்த்தனா எழுதியிருந்தது: 'எங்கள் வீட்டில் இதுதான் நிறைய.' எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. நன்றாக எழுதியிருக்கிறாளே என்று நினைத்து மாட்டிவிட்டேன்.

திறப்பு சனிக்கிழமை பதினொரு மணிக்கு. பத்தேகாலுக்கு வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை செய்பவர் என்று சீருடையைப் பார்த்தாலே தெரிந்தது. இரவு வேலை முடிந்து நேராக வந்திருக்கிறார். கண்ணெல்லாம் சிவந்திருந்தாலும் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"நான் கீர்த்தனா அம்மா, டீச்சர். மாலதி. பதினொன்னுக்குதான்னு தெரியும். கூட்டம் வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடலாம்னு வந்தேன். ஏதோ மீன் செஞ்சிருக்கேன்னு சொன்னா, என்னன்னு காட்டவே இல்ல."

"வாங்க வாங்க, இதோ இதுதான்" என்று நான்தான் கூட்டிப்போய் மீன் முன்னால் நிறுத்தினேன்.

முதலில் சிரிப்போடு பார்த்தார். பிறகு கிட்டே போனார். கையை நீட்டி ஒரு செதிலைத் தொட்டார். கீழே இருந்த வரியைப் படித்தார். அவர் முகம் மாறியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

"டீச்சர், இத எடுத்துடுங்க" என்றார். சத்தம் போடவில்லை. கெஞ்சவும் இல்லை. "இது என்னோட மாத்திரை."

எனக்கு உடனே ஏதேதோ கேட்கத் தோன்றியது. எதுவும் கேட்கவில்லை. ஏணியை இழுத்துப்போட்டு ஏறி, மீனைக் கொக்கியிலிருந்து இறக்கினேன். அந்த நாளில் நான் யோசிக்காமல் செய்து சரியாக அமைந்த காரியம் அது ஒன்றுதான். அதனால் அழுத்திச் சொல்கிறேன். பாதிக்கப்பட்டவர் 'எடுங்கள்' என்றால் முதலில் எடுத்துவிடுங்கள். காரணத்தை அப்புறம் கேட்கலாம். சில சமயம் கேட்கவே வேண்டியிருக்காது.

மீனைப் பின்னறைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். காலி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே கிடந்த ஒரு நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். பல வருடமாகச் சிகிச்சை எடுக்கிறார். கணவருக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. கணவரின் அக்கா குடும்பம் முழுக்கப் பதினொரு மணிக்கு வருகிறது.

"என் நாத்தனார் மருந்துக்கடையில வேலை செய்யுறாங்க டீச்சர். பேரப் பாத்தாலே போதும், எதுக்கு சாப்பிடுறேன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுடும். அப்புறம் அந்தப் பக்கம் முழுக்கத் தெரிஞ்சுடும். இத்தனை வருஷம் காப்பாத்தி வெச்சேன்."

என்ன நோய் என்று உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. தெரிந்துகொள்ளவேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. மருந்துக்கடையில் வேலை செய்யும் அந்த அம்மாவுக்கும் இல்லை.

"கீர்த்தனாவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டேன்.

"தலைவலி மாத்திரைன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

மணி பத்தரை. கீர்த்தனாவும் அப்பாவும் பத்தேமுக்காலுக்கு வருவார்கள். நுழைந்ததும் அவள் தேடப்போவது மீனைத்தான். மூன்று வாரம் உட்கார்ந்து ஒட்டிய மீன் இருந்த இடத்தில் வெறும் கொக்கி தொங்கும். அவளிடம் என்ன சொல்வது? மீன் உடைந்துவிட்டது என்று பொய் சொல்லலாம். உன் அம்மாவின் மாத்திரையை எல்லாரும் பார்க்கக் கூடாது என்று உண்மையைச் சொன்னால், தன் அம்மாவிடம் ஏதோ வெட்கப்படும் விஷயம் இருக்கிறது, அதை ஊர் முன்னால் தானே கொண்டுவந்து வைத்துவிட்டோம் என்று அந்தப் பிள்ளை காலம் முழுக்க நினைக்கும்.

மூன்றாவதாக ஒரு வழி என் கைப்பையிலேயே இருந்தது. வெள்ளி நிறச் சாயம். எழுத்துகள்மேல் ஒரு பூச்சு பூசினால் போதும். எதுவும் தெரியாது. அம்மா தப்பிப்பார், மீனும் தொங்கும். மாலதியிடம் சொன்னேன். "சரி டீச்சர்" என்றார். சாயத்தைத் திறந்து, தூரிகையையும் எடுத்துவிட்டேன்.

அப்போது மிஸ் லிம் உள்ளே வந்தார். எங்கள் பள்ளிக்கு வந்து ஓராண்டுகூட ஆகாத இளம் ஆசிரியை. உங்களை மாதிரி. காரணம் சொல்லாமல், செதிலில் உள்ள எழுத்து வெளியே தெரியக் கூடாது என்று மட்டும் சொன்னேன். அவர் என் கையில் இருந்த தூரிகையைப் பார்த்தார்.

"கீர்த்தனா பார்த்தவுடனே கண்டுபிடிச்சிடுவா" என்றார் ஆங்கிலத்தில். "ஒவ்வொரு செதிலும் அவள் வெட்டினது. யார் பூசினதுன்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

பிள்ளையின் வேலையில் ஆசிரியர் கை வைக்கக் கூடாது என்று வருகிற புது ஆசிரியர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவள் நான். லிம்முக்கும் எடுத்திருக்கிறேன். அவசரம் வந்தவுடன் முதலில் உடைக்கப் போனது என்னுடைய அந்த விதியைத்தான். தூரிகையைத் துடைத்துப் பையில் போட்டேன்.

வெளியே வந்தால் எங்கள் பள்ளியின் கலைத் துறைத் தலைவர் காலிக் கொக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கெட்ட மனிதர் இல்லை. அந்தக் கண்காட்சிக்கு இடம் பிடிக்க மாதக்கணக்கில் அலைந்தவர். விவரம் எதுவும் சொல்லாமல், "குடும்ப விஷயம், பெற்றோர் கேட்டதால் எடுத்துவிட்டேன்" என்றேன்.

"சிறப்பு விருந்தினருக்கு அனுப்பின அழைப்பிதழ்ல இந்த மீன் படம்தான் இருக்கு. வந்ததும் இதைத்தான் கேட்பார். எதுவா இருந்தாலும் கொஞ்சம் உயரத்துல மாட்டுங்க. யாருக்கும் எதுவும் தெரியாது."

"மாட்ட முடியாது."

"அப்போ கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்."

"சொல்றேன்."

அழைப்பிதழில் படம் இருந்தது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. ஓர் அழைப்பிதழை எடுத்துக்கொண்டு பின்னறைக்கு ஓடினேன். படம் கட்டைவிரல் அளவு. எழுத்து எதுவும் தெரியவில்லை. எனக்குத் தெரியவில்லை என்று விட்டுவிடாமல் மாலதியிடமே நீட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது பரவால்ல டீச்சர்" என்றார். அந்த ஒரு விஷயத்தையாவது கேட்டுச் செய்தேன்.

கீர்த்தனாவும் அப்பாவும் வந்தார்கள். அவள் பார்வை நேராகக் கொக்கிக்குப் போய், அங்கிருந்து என்மேல் வந்தது. நான் அவளைக் கையைப் பிடித்துப் பின்னறைக்கு அழைத்துப் போனேன். அப்பா பின்னாலேயே வந்தார். மேசைமேல் மீன் இருப்பதைப் பார்த்ததும் அவளுக்கு மூச்சு வந்தது. பிறகுதான் சீருடையோடு உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தாள்.

"கீர்த்தனா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்று தொடங்கினேன். "மீன் நீ செஞ்சது. ஆனா அந்த மாத்திரை அட்டை அம்மாவோடது. இதை எல்லாரும் பாக்குற இடத்துல மாட்டலாமான்னு அம்மாகிட்ட நான் கேட்டிருக்கணும். கேக்கல. தப்பு என் மேலதான், உன் மேல இல்ல."

அவள் என்னைப் பார்க்கவில்லை. "அம்மா, கோவமா?" என்றாள்.

"இல்லம்மா" என்றார் மாலதி. "ஏன்டா பேர் தெரியுற பக்கமா ஒட்டின?"

"அந்தப் பக்கம்தான் மினுங்குச்சு."

அந்தப் பதிலைக் கேட்டு அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாலதிக்கும் பாதிச் சிரிப்பு வந்து நின்றுவிட்டது. "வெறும் தலைவலி மாத்திரைதான், ஆனாலும் எல்லாருக்கும் காட்ட வேணாம்னு..." என்று அவர் இழுத்தார்.

"அது தலைவலிக்கு இல்லம்மா" என்றாள் கீர்த்தனா. "அட்டையில இருந்த பேர நான் போன்ல தேடிப் பாத்துட்டேன். போன வருஷமே."

எனக்கு அந்த அறையை விட்டு வெளியே போய்விடலாம் போலிருந்தது. ஆனால் கீர்த்தனா என் கையை விடவில்லை.

"நீ ஒரு நாளுகூட விடாம சாப்பிட்ட. நைட் வேலைக்குப் போற அன்னிக்கும் சாப்பிட்ட. நீ போட்ட அட்டைய எல்லாம் நான் எடுத்து வெச்சேன். அதான் இவ்ளோ சேந்துச்சு" என்றாள். "நிறைய இருந்துச்சு, அதனாலதான் பெரிய மீனா செய்ய முடிஞ்சுது."

'எங்கள் வீட்டில் இதுதான் நிறைய' என்ற வரியை நான் எழுத்துப்பிழைக்காகப் படித்திருந்தேன். அம்மா அதை அவமானமாகப் படித்திருந்தார். எழுதியவளோ பெருமையாக எழுதியிருக்கிறாள். ஒரு வரியை மூன்று பேர் மூன்று விதமாகப் படித்திருக்கிறோம். எழுதிய பிள்ளையிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாலதி மகளை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டார். பத்து வயதுப் பிள்ளை, கால் தரையில் இடித்தது. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

இப்படி ஒரு கட்டத்தில் உங்களுக்கு ஓர் ஆசை வரும். பார்த்தீர்களா, பிள்ளை எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டாள், இனி என்ன, மீனை மாட்டிவிடலாமே என்று. எனக்கும் நுனிநாக்குவரை வந்தது. சொல்லவில்லை. பிள்ளைக்குப் பெருமையாக இருப்பதால் அம்மா தன் நோயை ஊருக்குச் சொல்லியாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அந்த வீட்டுக்காரர்கள்.

"மீன் கீர்த்தனாவோடது. அட்டை அம்மாவோடது. ரெண்டு பேரும் சேந்து என்ன சொன்னாலும் அப்படியே செய்யுறேன். யார் என்ன கேட்டாலும் நான் பாத்துக்குறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கதவு திறந்தது. "வீட்டுக்கு எடுத்துட்டுப் போறோம் டீச்சர்" என்றார் மாலதி. கீர்த்தனாவும் தலையாட்டினாள். அழுதிருந்தாள், ஆனால் முகம் தெளிவாக இருந்தது. லிம் ஒரு மேசைவிரிப்பை உருவிக்கொண்டு வந்தார். மீனை அதில் சுற்றினோம். அப்பா அதைப் பின்வாசல் வழியாக வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

"காலிக் கொக்கிய என்ன பண்ணலாம்?" என்று நான் கீர்த்தனாவையே கேட்டேன்.

அவள் தன் பெயர் அட்டையை வாங்கித் திருப்பி, பின்பக்கத்தில் பேனாவால் எழுதினாள்: 'மீன் வீட்டுக்குப் போய்விட்டது.' நான் ஏணியைப் பிடித்துக்கொள்ள, அதை அவளே கொக்கியில் மாட்டினாள்.

சிறப்பு விருந்தினர் வந்தார். துறைத் தலைவர் சொன்ன மாதிரியே முதலில் அங்கேதான் நின்றார். தமிழ் தெரியாதவர். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கீர்த்தனாவே ஆங்கிலத்தில் சொன்னாள். "எப்போ திரும்பி வரும்?" என்று கேட்டார் அவர். "வராது. அது எங்க வீட்டு மீன்" என்றாள். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த படைப்புக்குப் போனார். அவ்வளவுதான். நாத்தனார், "அடடா, நாங்க வர்றதுக்குள்ள எடுத்துட்டீங்களே" என்று வருத்தப்பட்டார். சீருடையோடு நின்ற மாலதி, "ஆமா அண்ணி" என்று மட்டும் சொன்னார். யாரும் வேறொன்றும் கேட்கவில்லை. நாம் பயப்படும் அளவுக்கு மற்றவர்கள் கேள்வி கேட்பதில்லை என்பதையும் அன்று தெரிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை பள்ளியில் கூட்டம். எனக்குத் திட்டு கிடைத்தது. கொஞ்சம் நியாயமான திட்டுதான். ஆனால் கடைசியில் துறைத் தலைவர் ஒரு யோசனை சொன்னார். இனி வீட்டிலிருந்து எதுவும் வேண்டாம், சுத்தம் செய்து அடுக்கிய பொருள் பெட்டிகள் வெளியே கிடைக்கின்றன, அதையே வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், பிரச்சினையே வராது என்றார். அங்கே நான் விட்டுக்கொடுக்கவில்லை.

"பிரச்சினை வராது, சரி. பாடமும் வராது" என்றேன். "யாரும் பயன்படுத்தாத போத்தலை வாங்கிக் கொடுத்து, இது குப்பை என்று பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? நான் தப்பு செய்தது வீட்டுப் பொருளைக் கேட்டதில் இல்லை. வீட்டில் இருப்பவர்களைக் கேட்காததில்தான்."

ஓர் ஆண்டு அவகாசம் கேட்டேன். கொடுத்தார்கள். அதிலிருந்து ஒவ்வொரு பிள்ளையிடமும் பொருளை வாங்குமுன் இரண்டு கேள்வி கேட்பேன். இது யாரோடது? அவங்ககிட்ட கேட்டியா? கண்காட்சிக்குப் போகும் படைப்பு என்றால் வீட்டுக்கு நானே தொலைபேசியில் பேசுவேன். சிரமம்தான். பன்னிரண்டு படைப்பு என்றால் பன்னிரண்டு வீடு. ஆனால் நான் ஓய்வுபெறும்வரை அந்தப் பெட்டிகளை வாங்கவில்லை.

ஆண்டு முடிவில் பெற்றோர் சந்திப்புக்கு மாலதி வந்தார். வகுப்பாசிரியரைப் பார்த்துவிட்டு என்னைத் தேடிக் கலையறைக்கு வந்தார்.

"அன்னிக்கு வீட்டுக்குப் போனதும் தூங்கவே இல்ல டீச்சர். மூணு பேரும் உக்காந்து பேசினோம். அவளுக்கு நிறைய கேள்வி இருந்துச்சு. ஒரு வருஷமா தனியா வெச்சுக்கிட்டு இருந்திருக்கா. மீன் எங்க படுக்கையறையில இருக்கு. யாராவது வந்தா கதவ சாத்திடுவேன்."

"நாத்தனாருக்கு...?"

"சொல்லல. சொல்லணும்னு தோணினா சொல்வேன்."

சரி என்றேன்.

அடுத்த ஆண்டு ஆயிஷா என்றொரு மாணவி கிழிந்த வேலைக் கையுறைகளைக் கொண்டு வந்தாள். விரல் நுனியெல்லாம் தேய்ந்து, எண்ணெய்க் கறை ஏறியவை. அவள் 'அத்தா' என்று கூப்பிடும் அப்பா துவாஸ் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் வேலை செய்கிறார். என் இரண்டு கேள்விகளைக் கேட்டேன்.

"அத்தாவோடது டீச்சர். கேட்டேன். எதுக்குன்னு கேட்டாங்க. பறவை செய்யப் போறேன்னு சொன்னேன். ரெக்கைக்கு விரல்தான் சரியா இருக்கும்னு சொல்லி, இன்னும் நாலு ஜோடி எடுத்துக் கொடுத்தாங்க."

இருவாட்சிப் பறவை ஒன்று செய்தாள். அது கண்காட்சிக்குத் தேர்வானதும் நான் அவள் அப்பாவின் கைபேசிக்கு அழைத்தேன். பட்டறையில் இருந்தபடியே எடுத்தார். இயந்திரச் சத்தம் பின்னால் கேட்டது. உங்கள் கையுறையில் செய்ததை எல்லாரும் பார்க்கும்படி மாட்டலாமா, உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டேன். இயந்திரச் சத்தம் குறைந்தது. அவர் தள்ளி நடந்து வந்திருக்க வேண்டும்.

"மாட்டுங்க டீச்சர்" என்றார். "அவ பேருக்குக் கீழ ஒரு மூலையில என் பேரையும் போடுவீங்களா?"

அந்த ஆண்டிலிருந்து எங்கள் பெயர் அட்டைகளில் இரண்டு பெயருக்கு இடம் விட்டோம்.